குறுக்குக் காற்றும் வால் சக்கரமும்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், பெருமுக்கல்)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். "எதைப் பத்திண்ணே எழுதறது?" என்றேன். "உனக்கு நல்லாத் தெரிஞ்சதை எழுது" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது காற்று. சிரிக்காதீர்கள்! பெருமுக்கல்லில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் காலையெல்லாம் மேற்கிலிருந்து கோடைக் காற்று புழுதியை வாரி இறைக்கும். பிற்பகலில் திடீரென்று திசை மாறி, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கடற்காற்று வரும். இரண்டும் மோதிக்கொள்ளும் அந்த அரை மணி நேரம், கொடியில் காயும் வேட்டிக்கே எந்தப் பக்கம் பறப்பது என்று தெரியாது.

போன வருடம் அப்படி ஒரு பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் நோக்கி வடக்கே சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். கடற்காற்று வலது பக்கத்திலிருந்து தள்ளியது. நானும் வழக்கம்போல் உடம்பை வலது பக்கம் சாய்த்து மிதித்தேன். பின்னால் வந்த ஒரு லாரி என்னை வலது பக்கமாகத் தாண்டியது. அவ்வளவுதான். லாரி மறைத்ததும் காற்று நின்றது. சாய்ந்திருந்த நான் லாரிப் பக்கமே போனேன். பயந்துபோய் ஹேண்டில்பாரை இடது பக்கம் இழுத்தேன். அதற்குள் லாரி கடந்துவிட, காற்று மறுபடி ஓங்கி அடித்தது. நேராக உப்பளச் சேற்றில் போய் விழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா சொன்னார்: "நீ விழுந்தது காத்தாலே இல்லடா. காத்து நின்னதாலே. அதுக்கு நீ கை ஓங்கித் திருப்பினதாலே. இதே தப்பைத்தான் ஏரோப்ளேன் ஓட்டறவனும் பண்ணுவான்."

என் தாத்தா (அம்மாவின் அப்பா) வெளி மாநிலத்தில் ஒரு விமானப் பயிற்சி நிலையத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று ஆரம்பித்த பேச்சு நாலு நாள் ஓடியது. அதைத்தான் நம் பாடத்தில் படித்த மெக்கானிக்ஸோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

வால் சக்கரம் என்றால் என்ன?

இன்று நாம் பார்க்கும் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம், நடுவில் இரண்டு முக்கியச் சக்கரங்கள். பழைய சிறு விமானங்களில் அப்படி இல்லை. இரண்டு முக்கியச் சக்கரங்கள் முன்னால், ஒரு சின்னச் சக்கரம் வாலுக்குக் கீழே. அதனால் தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் டாக்டர் வி.எம். காட்கே தலைமையில் உருவான எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் 1951-இல் முதன்முதலாகப் பறந்தது. அடுத்து 1958-இல் 'புஷ்பக்' வந்தது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். துணி போர்த்திய இறக்கை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 11 மீட்டர். ஆளும் பெட்ரோலும் ஏறிய பிறகும் மொத்த எடை சுமார் 600 கிலோதான். ஒரு மாருதி 800 காரைவிட லேசு! சுமார் 160 புஷ்பக்குகள் செய்யப்பட்டு, இந்தியாவின் ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறைக்கே பறக்கக் கற்றுக்கொடுத்தன. மாருதி காருக்கு 11 மீட்டரில் பாய்மரம் கட்டிக் காற்றில் விட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிரச்சினை புரிந்துவிடும்.

டிராக்டர் ரிவர்ஸ்

வால் சக்கர விமானத்தின் ஈர்ப்பு மையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் இருந்தால் விமானம் மூக்கு குத்திவிடும். இந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரையின் அஸ்திவாரம்.

உப்பு ஏற்றும் டிராக்டரைப் பாருங்கள். டிரெய்லரை இழுத்துக்கொண்டு முன்னே போகும்போது அது சாதுவாகப் பின்னாலேயே வரும். அதே டிரெய்லரை ரிவர்ஸில் தள்ளிப் பாருங்கள். லேசாகக் கோணல் விழுந்தால் போதும், கோணல் கோணலை வளர்க்கும். டிரைவர் உடனே சரிசெய்யாவிட்டால் டிரெய்லர் மடங்கி நிற்கும்.

மூக்குச் சக்கர விமானம் இழுக்கப்படும் டிரெய்லர் மாதிரி. எடை முன்னால், உராய்வு பின்னால். கோணலாக இறங்கினாலும் தானாக நேராகப் பார்க்கும். வால் சக்கர விமானம் தள்ளப்படும் டிரெய்லர். உராய்வு முன்னால் பிடிக்க, எடை பின்னாலிருந்து சுற்றி வரப் பார்க்கும். கோணல் வளர்ந்து, விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதற்குத்தான் 'கிரவுண்ட் லூப்' என்று பெயர். ஆளுக்கு அடிபடாமல் தப்பினாலும், வெளிப்பக்க இறக்கை தரையில் உரசி, அந்தப் பக்கத்துச் சக்கரக் கால் வளைந்துவிடும்.

"அப்படியானால் ஏன் இப்படி ஒரு விமானத்தைச் செய்தார்கள்?" என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. மூக்கு உயர்ந்திருப்பதால் புரொப்பெல்லர் கல்லிலும் புல்லிலும் படாது. வால் சக்கரம் சின்னது, எடை குறைவு. மேடு பள்ளமான தரைக்கு இதுதான் தோது. வயலில் மருந்து தெளிக்கும் பல விமானங்கள் இன்றும் வால் சக்கர விமானங்களே.

ரன்வே வந்தது, தொல்லையும் வந்தது

ஆரம்பக் காலத்தில் விமான நிலையம் என்றாலே ஒரு பெரிய மைதானம்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அதற்கு எதிர்முகமாக இறங்கிவிடலாம். ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டைகளோடு பம்பாய் ஜூஹுவுக்கு வந்து இறங்கினார் அல்லவா? அந்த 'புஸ் மாத்' விமானம் வாலைத் தரையில் ஊன்றி இறங்கும் வகைதான். ஜூஹுவும் நம் உப்பளம் மாதிரி கடலோரச் சேற்றுத் தரை; மழைக்காலத்தில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

பிறகு கனமான விமானங்களுக்காகக் கான்கிரீட் ரன்வே வந்தது. ரன்வே திரும்பாது, காற்றுதான் திரும்பும். அன்று முதல் பைலட்டுக்குக் குறுக்குக் காற்று என்பது தினசரிக் கணக்கு ஆகிவிட்டது.

கணக்கு போடுவோமா?

பயப்படாதீர்கள், முதல் செமஸ்டர் டிரிக்னாமெட்ரிதான். காற்றின் வேகம் V, ரன்வேக்கும் காற்றுக்கும் இடையே உள்ள கோணம் θ என்றால்,

குறுக்குக் காற்று = V சைன் θ
எதிர்க் காற்று = V காஸ் θ

சென்னை மீனம்பாக்கத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ரன்வேக்கள் உண்டு: 07/25, 12/30. ரன்வே எண்ணோடு ஒரு சைபர் சேர்த்தால் காந்தத் திசை. அதாவது 07 என்றால் 70 டிகிரி. ஒரு பிற்பகலில் கடற்காற்று 120 டிகிரியிலிருந்து 16 நாட் வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்வோம். (1 நாட் = மணிக்கு 1.852 கி.மீ.)

ரன்வே 07-இல் இறங்கினால், θ = 120 - 70 = 50 டிகிரி.
குறுக்குக் காற்று = 16 × 0.766 = 12.3 நாட்
எதிர்க் காற்று = 16 × 0.643 = 10.3 நாட்

அதே நேரத்தில் ரன்வே 12-இல் இறங்கினால் θ = 0. குறுக்குக் காற்றே இல்லை! எனவே முதல் பாடம்: திறமையைக் காட்டுவதற்கு முன் வேறு ரன்வே உண்டா என்று கேள்.

காக்பிட்டில் கால்குலேட்டர் தட்ட நேரம் ஏது? அதற்குக் கடிகாரக் கணக்கு என்று ஒன்று உண்டு. கோணத்தை நிமிடமாக நினைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரி என்றால் கால் மணி, காற்றில் கால் பங்கு. 30 என்றால் பாதி. 45 என்றால் முக்கால். 60-க்கு மேல் முழுசும். நம் உதாரணத்தில் 50/60 × 16 = 13.3. உண்மை விடையைவிடக் கொஞ்சம் கூட, பாதுகாப்பான பக்கம்தான்.

12.3 நாட் என்றால் வினாடிக்கு 6 மீட்டருக்கு மேல். ஒன்றும் செய்யாமல் இருந்தால், "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுவதற்குள் விமானம் ரன்வேயை விட்டு 18 மீட்டர் ஒதுங்கிவிடும்.

இறங்கும் முறை

காற்று வலது பக்கத்திலிருந்து வருகிறது. விமானத்தின் வேகம் 50 நாட். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, நண்டு நடை. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ரன்வே கோட்டின் மேலேயே சாய்வாகப் பறந்து வருவது. ஆற்றின் குறுக்கே நீந்துபவன் வடமேற்கே பார்த்து நீந்தி வடக்கே கரையேறுவது போல. சைன் θ = 12.3 / 50 என்று போட்டால் மூக்கை சுமார் 14 டிகிரி திருப்ப வேண்டும். ஆனால் இப்படியே தரையைத் தொடக் கூடாது. சக்கரம் ஒரு பக்கம் பார்க்க, விமானம் வேறு பக்கம் போகும். டிராக்டர் ரிவர்ஸ் ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு, இறக்கை தாழ்த்தல். ஸ்டிக்கை வலது பக்கம் சாய்த்தால் எய்லரான் வேலை செய்து வலது இறக்கை தாழும். விமானம் காற்றை எதிர்த்து வலது பக்கம் வழுக்கப் பார்க்கும். அந்த வழுக்கலும் காற்றின் தள்ளலும் சமமானால் விமானம் கோட்டின் மேல் நிற்கும். மூக்கு வலது பக்கம் திரும்பாமல் இடது ரட்டரால் நேராக்கிக்கொள்ள வேண்டும். நான் சைக்கிளில் சாய்ந்தேனே, அதேதான்.

வழக்கமான முறை: தூரத்தில் நண்டு நடை, தரையை நெருங்கும்போது இறக்கை தாழ்த்தல். அப்போது காற்றுப் பக்கத்துச் சக்கரம்தான் முதலில் தரையைத் தொடும். மற்றது பிறகு. முதல் தடவை பார்ப்பவர்கள் "ஐயோ, சாய்ஞ்சு இறங்குதே!" என்பார்கள். சாய்ந்து இறங்குவதுதான் சரி.

இடது ரட்டரை முழுசாக மிதித்தும் மூக்கு நேராகவில்லையா? இந்தக் காற்று இந்த விமானத்தின் சக்திக்கு மேலே என்று அர்த்தம். த்ராட்டிலைத் திறந்து மேலே போய்விட வேண்டும். ரட்டர் சொல்லும் உண்மையை வீம்பு கேட்காது என்பார் தாத்தா.

விட்டு விட்டு வீசும் காற்று

சீராக வீசும் காற்று நல்ல எதிரி. 12 நாட்டிலிருந்து திடீரென்று 22-க்கு எகிறி மறுபடி 12-க்கு விழும் காற்றுதான் கெட்ட எதிரி. கணக்குக்காக, ஒரு விமானம் 38 நாட்டுக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் என்று வைப்போம். 50 நாட்டில் வருகிறது. எதிர்க் காற்றில் 10 நாட் ஒரே கணத்தில் விழுந்தால் விமானத்தின் காற்று வேகம் 40. ஸ்டாலுக்கு இரண்டே நாட்தான் பாக்கி! அதனால் பைலட்டுகள் காற்று எகிறும் அளவில் பாதியைத் தங்கள் வேகத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். 10-இல் பாதி 5. எனவே 55 நாட்.

ஆனால் இலவசம் எதுவும் இல்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 55-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.21. ஐந்து நாட்டுக்கு 21 சதவீத ஆற்றல் கூட. அதைத் தரையில்தான் கரைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். பெருமுக்கல் மலையின் மறைவில் நின்றால் காற்று சீராக இருக்காது. சுழன்று சுழன்று அடிக்கும். ரன்வே ஓரத்து ஹேங்கரும் மரவரிசையும் அதே வேலையைச் செய்யும். தரைக்கு மூன்று மீட்டர் உயரத்தில், ஹேங்கர் மறைவில் காற்று நிற்கும், தாண்டியதும் அடிக்கும். என்னைத் தாண்டிய லாரி!

மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டுமா, முக்கியச் சக்கரங்கள் முதலில் தொட்டு வால் பிறகு இறங்க வேண்டுமா என்பது பைலட்டுகளிடையே ஓயாத பட்டிமன்றம். முதல் முறையில் மிகக் குறைந்த வேகத்தில் தரை தொடலாம். குறுக்குக் காற்றில் வால் சக்கரமும் காற்றுப் பக்கத்துச் சக்கரமும் சேர்ந்து தொடும். இரண்டாவது முறையில் வேகம் அதிகம் என்பதால் ரட்டர் உறுதியாகக் கேட்கும். ஆனால் வால் இறங்கும் அந்தச் சில வினாடிகள் கண்டம். "ரெண்டும் தெரிஞ்சவன்தான் பைலட்" என்று தாத்தா பட்டிமன்றத் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

தரை தொட்ட பிறகுதான் ஆட்டமே

இதுதான் கட்டுரையின் உயிர்நாடி. சக்கரம் தொட்டதும் "அப்பாடா" என்று கையைத் தளர்த்துகிறான் பாருங்கள், அவனைத்தான் வால் சக்கர விமானம் திருப்பிப் போடும்.

ரட்டர், எய்லரான் இவற்றின் விசையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 நாட்டில் இருந்த விசை 25 நாட்டில் கால் பங்குதான். காற்றோ அதே 12 நாட்டில் பக்கவாட்டில் தள்ளுகிறது. வால் பக்கம் பெரிய செங்குத்துப் பரப்பு இருப்பதால் கோயில் கொடி மாதிரி வால் காற்றோடு போகும்; மூக்கு காற்றுப் பக்கம் திரும்பும். ஆகவே வேகம் குறையக் குறைய கையும் காலும் அதிகம் வேலை செய்ய வேண்டும்.

1. ஸ்டிக் காற்றுப் பக்கம். வேகம் குறையக் குறைய இன்னும், இன்னும், கடைசியில் முழுசாக. காற்றுப் பக்கத்து இறக்கை எழும்பாது. எதிர்ப்பக்கம் தாழ்ந்த எய்லரான் காற்றைத் தடுத்து மூக்கை நேராக்கவும் கொஞ்சம் உதவும்.

2. வால் இறங்கியதும் ஸ்டிக் முழுசாகப் பின்னால். வால் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும்.

3. ரட்டரைச் சின்னச் சின்னதாக, சட்சட்டென்று மிதித்து எடுக்க வேண்டும். நான் ஹேண்டில்பாரை இழுத்த மாதிரி ஒரே இழுப்பு கூடாது.

4. பார்வை ரன்வேயின் கடைக்கோடியில். கிட்டத்தில் பார்த்தால் கோணல் வளர்ந்த பிறகுதான் தெரியும்.

5. பிரேக் கடைசியில், இரண்டும் சமமாக, இலேசாக.

விமானத்தை ஹேங்கருக்கு ஓட்டிப் போய்க் கயிறு கட்டும் வரை இறங்குதல் முடியவில்லை.

தாத்தாவின் ஸ்பிரிங்

நாலாவது நாள் தாத்தா சொன்னது இது. அதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லையாம்.

பல சிறு விமானங்களில் ரட்டரையும் வால் சக்கரத்தையும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகள் இணைக்கும். ரட்டரை மிதித்தால் வால் சக்கரமும் திரும்பும். ஒரு நாள் காலை சோதனையில் இடது ஸ்பிரிங் தளர்ந்திருப்பதைத் தாத்தா பார்த்தார். "சாயங்காலம் மாத்திக்கலாம்" என்று அட்டையில் டிக் போட்டுவிட்டார். பிற்பகலில் காற்று திரும்பியது. தனியாகப் பறந்த ஒரு மாணவன் வலது குறுக்குக் காற்றில் அழகாக இறங்கினான். இறங்கியதும் ஸ்டிக்கைத் தளர்த்தினான். மூக்கு வலது பக்கம் ஓடியது. இடது ரட்டரை மிதித்தான். தளர்ந்த ஸ்பிரிங்கால் வால் சக்கரம் உடனே கேட்கவில்லை. ஒரு சுற்று. இடது இறக்கை நுனி சிதைந்தது, கால் வளைந்தது. பையனுக்குக் காயம் இல்லை. "மாணவனின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். அவன் பறப்பது நிறுத்தப்பட்டது.

"மூணு நாள் சோறு இறங்கலடா. அவன் மேல தப்பு இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா தப்பு பண்ணவனுக்கும் திருத்திக்க ஒரு வினாடி கிடைக்கணும். அந்த வினாடியை நான் டிக் போட்டு எடுத்துட்டேன்."

நாலாம் நாள் தாத்தா தானே போய் இன்ஜினியரிடம் சொன்னார். நல்ல திட்டு, சம்பளப் பிடித்தம். ஆனால் அந்தப் பையன் மறுபடி பறந்தான்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை தாத்தா காலையில் பார்த்தவை: இரண்டு டயரிலும் காற்று சமமா? ஒரு பிரேக் மட்டும் பிடிக்கிறதா? வால் சக்கர ஸ்பிரிங்குகள் இரண்டும் ஒரே இறுக்கமா? ரட்டர் கேபிள் தளர்ந்திருக்கிறதா? சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்கின்றனவா? கடைசியாக, கம்பத்தில் காற்று காட்டும் துணிப்பை கிழியாமல் இருக்கிறதா? இதில் எதற்கும் பைலட் லைசென்ஸ் தேவையில்லை. ஸ்பேனரும் மனசாட்சியும் போதும்.

முடிவாக...

நண்பர்களே, நம்மில் விமானம் ஓட்டப் போகிறவர்கள் குறைவு. ஆனால் நாளைக்கு ஏதோ ஒரு தொழிற்சாலையில், பணிமனையில், ஒரு அட்டையில் டிக் போடப் போகிறவர்கள் நாம் எல்லாருமே. எங்கோ ஒருவன் குறுக்குக் காற்றில் இறங்கும்போது, அவனுக்குக் கிடைக்க வேண்டிய அந்த ஒரு வினாடி நம் கையில் இருக்கிறது.

1982 அக்டோபர் 15 அன்று, முதல் தபால் பறப்பின் பொன்விழாவில், ஜே.ஆர்.டி. டாடா தம் 78-வது வயதில் ஒரு பழைய 'லெப்பர்ட் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மறுபடி தனியாகப் பறந்து வந்து இறங்கினார். அவரை நாடே பாராட்டியது. நியாயம்தான். ஆனால் இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்:

"அன்னிக்குக் காலையில அந்த வண்டியோட வாலைக் குனிஞ்சு பார்த்தது யாருடா?"